ஸ்பிரிங் இருக்கட்டும், ஸ்ட்ரட்டை மாற்றுவோம்



கடையில் உள்ள தராசை முறைப்படி முத்திரையிட்டு வைத்துக்கொள்கிறோம். கணக்குப் புத்தகத்தை மாதந்தோறும் சரி பார்க்கிறோம். ஆனால் நம் சரக்கையும், அதை ஓட்டிச் செல்லும் பிள்ளைகளையும் சுமக்கும் வண்டியை, அது வழியில் படுத்துக்கொள்ளும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த இதழின் பாடத்தில் வண்டியின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்களுக்கு மேலே நிற்கும் ஸ்ட்ரட், அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் சுருள் ஸ்பிரிங் ஆகிய இரண்டும்தான் அது. இவற்றில் எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது தெரியாமல் செலவழிக்கும் பணம் கொஞ்சநஞ்சமன்று. நாங்களும் அப்படிச் செலவழித்தவர்களே. ஆகவே எங்கள் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

எங்களுடையது பீங்கான், கண்ணாடிப் பாத்திர மொத்த வியாபாரம். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்து வீதியில் கடை. வாரம் மூன்று நாள் வேனில் சரக்கு ஏற்றி, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகப் பாகூர் வரையிலும், மற்ற நாட்களில் வில்லியனூர், மதகடிப்பட்டு பக்கமும் அனுப்புவோம். இந்தத் தொழிலில் உடைசல் இருக்கத்தான் செய்யும். அதற்கென்று கணக்கில் ஒரு பத்தியே உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பத்தி மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போயிற்று.

முதலில் நாங்கள் சந்தேகப்பட்டது பெட்டி கட்டும் பையனை. "முதலாளி, வழக்கம்போல வைக்கோல் வெச்சுத்தான் கட்டறேன், குறைக்கல" என்று அவன் சொன்னான். நாங்கள் கேட்கவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தில் உடைசலுக்கென்று ஒரு தொகையைப் பிடித்தோம். உடைசல் குறையவில்லை.

பிறகு வண்டியைப் பார்த்தோம். வேகத்தடையைத் தாண்டியதும் முன்பக்கம் நான்கைந்து முறை எழும்பி எழும்பி அடங்கியது. பிரேக் போட்டால் மூக்கு தரையை நோக்கிக் குத்தியது. ஒரு பட்டறையில் காட்டினோம். "சுமை அதிகம், ஸ்பிரிங் மெலிஞ்சு போச்சு, இன்னும் ஸ்டிராங்கா போட்டுடலாம்" என்றார்கள். நல்ல வேளையாக, கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போடாமல் பரணில் எடுத்து வைத்தோம். புதிய ஸ்பிரிங் போட்ட வண்டி நன்றாகவே உயர்ந்து நின்றது. பார்க்கவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த வாரமே பாகூர் போன சரக்கில் முன்னெப்போதையும்விட அதிக உடைசல். வண்டி இப்போது மெதுவாக ஆடவில்லை, வெடுக்கு வெடுக்கென்று உதறியது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் வண்டியை அவரே ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும், "பழைய ஸ்பிரிங் இருக்கா?" என்றுதான் கேட்டார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். தேய்த்துப் பார்த்தார், இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். "இதுல ஒரு குத்தமும் இல்ல. உங்க ஸ்ட்ரட்டுதான் செத்துப் போச்சு" என்றார். அதே பழைய ஸ்பிரிங், புதிய ஸ்ட்ரட். அடுத்த மாதம் உடைசல் பத்தி பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஸ்பிரிங்கின் வேலை வேறு, ஸ்ட்ரட்டின் வேலை வேறு

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க வேண்டும் என்றால் அது இதுதான்: சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் ஷாக் அப்சார்பர். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

வணிகர்களுக்கு இதை விளக்க ஒரு பழைய தராசு போதும். கடிகாரம் போல வட்ட முகமும் முள்ளும் கொண்ட தராசுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தட்டில் சரக்கை வைத்ததும் முள் அங்குமிங்கும் ஆடாமல் விரைவில் ஓரிடத்தில் நிற்கும். நல்ல தராசுகளில் இதற்காகவே உள்ளே ஒரு சிறிய எண்ணெய்க் குடுவையும், அதில் மூழ்கி ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும் இருக்கும். எடையைக் காட்டுவதில் அந்த எண்ணெய்க்குப் பங்கு இல்லை. முள்ளின் ஆட்டத்தை நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. எண்ணெய் வற்றிவிட்டால் தராசு அதே எடையைத்தான் காட்டும், ஆனால் முள் ஆடிக்கொண்டே இருக்கும்.

வண்டியும் அப்படியே. சுருள் ஸ்பிரிங் எவ்வளவு சுமைக்கு எவ்வளவு அமுங்கும் என்பது ஒழுங்கான கணக்கு. சுமை இரட்டித்தால் அமுங்குவதும் இரட்டிக்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். ஒரு சக்கரத்து ஸ்பிரிங் 20 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்குவதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்தச் சக்கரத்தின் மேல் 60 கிலோ கூடுதலாக ஏற்றினால் வண்டி 3 செ.மீ. தாழும். ஸ்ட்ரட் புதியதோ பழையதோ, தாழும் அளவில் பெரிய மாற்றம் வராது.

இப்போது ஒரு மேட்டில் சக்கரம் ஏறி ஸ்பிரிங் 5 செ.மீ. அமுங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்தே தீரும். வண்டியை மேலே தள்ளும், வண்டி கீழே விழும், மறுபடி தள்ளும். இந்தச் சக்தியை எங்காவது செலவழிக்க வேண்டும். ஷாக் அப்சார்பருக்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள், வால்வுகள் வழியாகத் தள்ளுகிறது. எண்ணெய் எளிதில் போகாமல் முரண்டுபிடிக்க, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. வேகமாக அசைத்தால் அதிகமாக எதிர்க்கும். அசையாமல் நின்றால் எதிர்ப்பும் இல்லை. எனவேதான் அது நிற்கும் சுமையைத் தாங்குவதில்லை.

எங்கள் தவறு எங்கே என்பது இப்போது விளங்கும். அடக்குகிறவன் செத்துப்போனபின், துள்ளுகிறவனுக்கு மேலும் பலம் கொடுத்தோம். 20 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் 5 செ.மீ. மேட்டில் 100 கிலோ விசையோடு வண்டியைத் தள்ளும். அதை 40 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்கும் விறைப்பான ஸ்பிரிங்காக மாற்றினால், அதே மேட்டில் 200 கிலோ விசையோடு தள்ளும். பெட்டிக்குள் இருக்கும் பீங்கான் கோப்பைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இந்த அமைப்பு வந்த வழி

எண்ணெயைக் கொண்டு வண்டியின் ஆட்டத்தை அடக்கும் கருவியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மோரிஸ் ஊதாய் என்ற பிரெஞ்சுக்காரர். 1927-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் அவர் பெயர் கொண்ட ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் தூண் ஆகிய மூன்றையும் ஒரே உறுப்பாகச் சேர்த்து, இன்று நாம் காணும் ஸ்ட்ரட் அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறு காருக்காக அவர் வகுத்த திட்டம் 1947-இல் கைவிடப்பட்டது. பிறகு அவர் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய அமைப்பு, 1950-இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. இன்றும் மெக்கானிக்குகள் இதை மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்றே சொல்கிறார்கள். எண்ணெயோடு அழுத்தமான வாயுவையும் அடைத்து, நுரை கட்டாமல் வேலை செய்யும் ஷாக் அப்சார்பரை 1950-களில் கொண்டுவந்தவரும் த கார்பொன் என்ற பிரெஞ்சுப் பொறியாளரே. புதுச்சேரிக்காரர்களான நமக்கு இது சுவையான செய்தி.

நம் நாட்டில் ஷாக் அப்சார்பர் தயாரிப்பில் பழைய நிறுவனங்களுள் ஒன்றான காப்ரியேல் இந்தியா 1961-இல் தொடங்கப்பட்டது. நமக்கு அருகில் ஓசூரிலும் அதற்கு ஆலை உண்டு. ஸ்ட்ரட் என்பது வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய அபூர்வப் பொருள் அன்று.

உங்கள் வண்டிக்குப் பொருந்துமா?

எல்லா வண்டிக்கும் ஸ்ட்ரட் இல்லை. வணிகர்கள் அதிகம் பயன்படுத்தும் வண்டிகளை மட்டும் சொல்கிறோம்.

மாருதி வேன் 1984-இல் வந்தது. 1988-இல் ஆம்னி என்று பெயர் பெற்றது. 2019-இல் உற்பத்தி நின்றது. ஆனாலும் நம் வீதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்பக்கம் ஸ்ட்ரட்டும் சுருள் ஸ்பிரிங்கும், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் தனி ஷாக் அப்சார்பரும் கொண்டது. 2010-இல் வந்த ஈக்கோவிலும் முன்பக்கம் ஸ்ட்ரட்தான். இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கமும் இவ்வாறே.

குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் என்பதால் அதற்கு ஸ்ட்ரட் பேச்சே இல்லை. ஷாக் அப்சார்பர் தனியாக இருக்கும். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. ஆனால் 'தாங்குவது ஒன்று, அடக்குவது வேறு' என்ற பாடம் எல்லா வண்டிக்கும் பொதுவானது.

ஸ்ட்ரட் செத்ததற்கு அடையாளங்கள்

1. ஸ்ட்ரட்டின் உடல் முழுவதும் எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பியிருத்தல். மேல்பகுதியில் இலேசான ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒழுகுவதே குற்றம்.

2. வேகத்தடையைத் தாண்டிய பின் வண்டி பலமுறை ஆடுதல். நல்ல நிலையில் உள்ள வண்டி ஒருமுறை எழுந்து, அமர்ந்து, அடங்கிவிடும்.

3. டயரில் ஆங்காங்கே குழி குழியாகத் தேய்மானம். சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் துள்ளுவதால் இது வரும். சாலையைத் தொடாத டயர் பிரேக்கையும் பிடிக்காது. குண்டும் குழியுமான இடத்தில் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும். சரக்கு உடைவது நட்டம் மட்டுமே, இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

4. பிரேக் போட்டால் மூக்கு குத்துதல், வளைவில் அளவுக்கு மீறிச் சாய்தல்.

வண்டி தாழ்ந்து நிற்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்கவும். தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஸ்ட்ரட் மாற்றினால் வண்டி உயரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாயு அடைத்த ஸ்ட்ரட் மிகச் சிறிதளவு தூக்கும், அவ்வளவுதான்.

பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொள்ளலாமா?

'ஸ்பிரிங் மெலிந்துவிட்டது' என்ற பேச்சு பட்டறைகளில் சகஜம். உருக்குக் கம்பியின் விறைப்பு வயதால் குறைந்துவிடுவதில்லை. அது கம்பியின் தடிப்பையும், சுருளின் அகலத்தையும், சுருள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. வயதாகும்போது நடப்பது வேறு. நீண்ட நாள் அதிக சுமை ஏற்றினால் ஸ்பிரிங் சற்றே உட்கார்ந்து உயரம் குறையலாம், அல்லது துருவேறி வெடிக்கலாம். இவ்விரண்டும் இல்லாத ஸ்பிரிங்கைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. சோதிக்கும் முறை வருமாறு:

சுமை இல்லாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்கவும். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள உயரம் பட்டறைக் கையேட்டில் இருக்கும். அதனோடும் ஒப்பிடவும். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங்கைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் கீழ்ச்சுருள் அமரும் தட்டில் மணலும் நீரும் தங்கும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. அதில் ஊறிய இடத்தில் பெயிண்ட் உரிந்து, துரு குழிந்து, ஒருநாள் சுருளின் நுனி ஒடியும். ஒடிந்த துண்டு தட்டிலேயே கிடப்பதால் வெளியிலிருந்து தெரியாது. கம்பித் தூரிகையால் தேய்த்து, விரலால் தடவிப் பார்க்கவும். மேலோட்டமான துரு என்றால் சுத்தம் செய்து பெயிண்ட் பூசலாம். குழி விழுந்திருந்தாலோ கீறல் தெரிந்தாலோ இரண்டு பக்க ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடவும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட்டால் ஸ்பிரிங்கின் ஆயுள் நீளும்.

எந்த ஸ்ட்ரட் வாங்குவது?

ஸ்பிரிங் பழையதாகவே இருக்கப் போகிறது. ஆகவே அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஸ்ட்ரட்டைத்தான் தேட வேண்டும். நம் வேலைக்குத் தரம் உயர்த்துவது என்றால், வெறும் எண்ணெய் ஸ்ட்ரட்டுக்குப் பதிலாக அதே அளவில், அதே வண்டிக்கென்று செய்யப்பட்ட வாயு அடைத்த ஸ்ட்ரட் போடுவதாகும். தொடர்ந்து கரடுமுரடான பாதையில் ஓடும்போது சாதாரண ஸ்ட்ரட்டில் எண்ணெய் நுரைத்துப் போகும். நுரை பிஸ்டனை எதிர்க்காது. உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருந்தால் நுரை கட்டுவது குறையும். காலையில் கிளம்பிய வண்டி மாலை திரும்பும் வரை ஒரே மாதிரி இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, 'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் வரும் குட்டையான ஸ்ட்ரட் வேண்டாம். அது வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் போடுவதற்கென்று செய்யப்பட்டது. நம் நீளமான ஸ்பிரிங்கோடு போட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ட்ரட் போதிய அளவு நீளாமல் முட்டிக்கொண்டு தட்டும்.

இரண்டாவது, அளவுக்கு மீறி இறுக்கமான ஸ்ட்ரட்டும் வேண்டாம். ஸ்பிரிங் அமுங்கியபின் விரிவதற்கு ஸ்ட்ரட் நேரம் கொடுக்க வேண்டும். வரிசையாகப் போட்டிருக்கும் சிறு வேகத்தடைகளில், முதல் தடையில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் இரண்டாவது தடை வந்துவிடும். மேலும் அமுங்கும். நான்காவது தடையில் அமுங்க இடமே இல்லாமல் கட்டை போல இடிக்கும். கண்ணாடி, முட்டை, பழம், எலெக்ட்ரானிக் சாமான் ஏற்றுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர் வளையம். கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. செருகியதும் வண்டி உயர்ந்துவிடும், மனதுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் சில சுருள்களை அது வேலை செய்ய விடாமல் பிடித்துக்கொள்வதால் மீதிச் சுருள்கள்மீது பாரம் கூடும். ஸ்பிரிங்கும் விறைப்பாகும். அந்த விறைப்பை அடக்க நம் ஸ்ட்ரட் போதாது. எங்கள் தவற்றையே மலிவு விலையில் செய்வது போன்றது அது. மலிந்த சரக்கு கடைத்தெருவுக்கு வரும் என்பது நமக்குத் தெரியாததா?

மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை

இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யக் கூடாது. வண்டியில் இருக்கும்போதே ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள நடு நட்டைக் கழற்றினால் அது பீரங்கி போல் பாயும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் என்ற கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். கயிறும் இரும்புக் கம்பியும் கட்டிச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை:

1. ஸ்ட்ரட்டை இடமும் வலமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

2. மேலே உள்ள மவுண்ட் ரப்பர், பேரிங், ஸ்ட்ரட் தண்டின்மேல் உள்ள முட்டு ரப்பர், தூசி உறை ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். இவற்றைப் பின்னர் மாற்ற வேண்டுமானால் மீண்டும் முழுக் கூலி. பழைய ஸ்பிரிங்கை வைத்து மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியை இங்கே செலவிடுவதே புத்திசாலித்தனம்.

3. புதிய ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து, தண்டை முழுதும் இழுத்து, முழுதும் அழுத்தி, சில முறை செய்தபின் பொருத்த வேண்டும். படுக்க வைத்திருந்தபோது எண்ணெய்க்குள் புகுந்த காற்று இதனால் மேலே வந்துவிடும்.

4. தண்டை ஒருபோதும் கட்டிங் பிளேயரால் பிடிக்கக் கூடாது. பளபளக்கும் அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் சீல் கிழியும். புதிய ஸ்ட்ரட் சில மாதங்களிலேயே ஒழுகும்.

5. ஸ்பிரிங்கின் நுனி, தட்டில் அதற்கென உள்ள படியில் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். இடது ஸ்பிரிங் இடப்பக்கமும், வலது வலப்பக்கமும் போகும்படி கழற்றும்போதே குறியிட்டு வைக்கவும்.

6. பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் அதன் பிடியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கவும்.

7. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டியபின் சக்கரம் நிற்கும் சாய்வு சற்றே மாறும். இதைத் தவிர்த்தால் ஸ்ட்ரட்டில் மிச்சப்படுத்தியதை டயரில் கொடுக்க வேண்டி வரும்.

முதல் வாரம் கழித்து ஒருமுறை போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கூலி கேட்கமாட்டார்.

அதிக சுமை ஏற்றுவோருக்கு ஒரு வார்த்தை

"எங்கள் வண்டியில் எப்போதும் கூடுதல் சுமைதான், அதற்குத்தானே விறைப்பான ஸ்பிரிங்?" என்று சிலர் கேட்கலாம். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் வண்டி தாழாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் பிரேக், டயர், அச்சு, பேரிங் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. வண்டி தாழ்வது ஓர் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் ஆபத்து போய்விடாது. பதிவுச் சான்றில் உங்கள் வண்டியின் எடை குறிக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. தேய்ந்த ஸ்ட்ரட்டுக்குப் பதில் அதே அளவில் நல்ல ஸ்ட்ரட் போடுவது பராமரிப்பு. சுமையைக் கூட்டுவதற்காக வண்டியின் உறுப்புகளை மாற்றுவது வேறு வழக்கு. சுமை நிரந்தரமாகக் கூடிவிட்டதென்றால் இரண்டு நடையாக அனுப்புங்கள், அல்லது பெரிய வண்டி வாங்குங்கள். வியாபாரம் வளர்ந்ததற்கு அது நல்ல அடையாளம்தானே!

உதிரிபாகக் கடை நடத்தும் உறுப்பினர்களுக்கு

ஸ்ட்ரட் கேட்டு வருகிற வாடிக்கையாளரிடம் வண்டியின் பெயரை மட்டும் கேட்டுப் பெட்டியை எடுத்து நீட்டிவிட வேண்டாம். தயாரிப்பு ஆண்டு, மாடல், இடமா வலமா, பழைய ஸ்பிரிங்கையே பயன்படுத்தப் போகிறாரா என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஸ்பிரிங் தட்டின் உயரமோ, போல்ட் துளையின் அளவோ சற்று மாறினாலும் பொருந்தாது. மவுண்டும் முட்டு ரப்பரும் தேவைப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாம் முறை அலையாத வாடிக்கையாளர் மூன்றாம் முறையும் உங்களிடமே வருவார்.

பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் போலிச் சரக்கு வருவது நாம் அறிந்ததே. தண்டின் பளபளப்பு ஒரே சீராக இருக்கிறதா, வெல்டிங் முறையாக இருக்கிறதா, பாகத்தின் எண் பெட்டியிலும் உடலிலும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பில் இல்லாமல் விற்காதீர்கள். பில் இல்லாத ஸ்ட்ரட் ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது?

சுருக்கம்

வண்டி ஆடினால் ஸ்ட்ரட்டைப் பார். வண்டி தாழ்ந்தால் ஸ்பிரிங்கைப் பார். நல்ல ஸ்பிரிங்கை மாற்றாதே. மாற்றும் ஸ்ட்ரட் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றதாக இருக்கட்டும். ஜோடியாக மாற்று, ரப்பர்களையும் சேர்த்து மாற்று, அலைன்மென்ட் பார். பாடம் இவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறோம். வண்டி சரியான மாதம், கணக்குப் புத்தகத்தைத் திறந்து, பெட்டி கட்டும் பையனின் சம்பளத்தில் பிடித்த தொகையை எழுதி எடுத்து, அவன் கையில் கொடுத்தோம். "தம்பி, தப்பு உன் மேல இல்லப்பா" என்றோம். அவன் பணத்தை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வண்டிய அப்பவே பாத்திருக்கலாம் முதலாளி" என்று மட்டும் சொன்னான். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கடையிலும் உடைசல் கூடினால், சேதாரம் மிகுந்தால், ஓட்டுநர் முதுகுவலி என்று சொன்னால், ஆளைக் குறை சொல்லுமுன் ஒருமுறை வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள்.